பயிற்சி உண்டு, பணியிடம் இல்லை: மனநல சேவையின் முதலீட்டுக் கணக்கு

பொது மனநல சேவைக்கு அரசு ஒதுக்கும் பணத்தின் பெரும்பகுதி மனிதர்களுக்கான செலவுதான். இதய நோய்ப் பிரிவுக்கோ புற்றுநோய்ப் பிரிவுக்கோ தேவைப்படுவதுபோல் பல கோடி ரூபாய் கருவிகள் இங்கு வேண்டியதில்லை. மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமைக் காலம் முடிந்தவை, விலை குறைந்தவை. நோயைக் கண்டறிபவர், மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைப்பவர், குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுபவர், மருந்தை நிறுத்திவிட்டவரின் வீட்டைத் தேடிப் போகிறவர் என்று நான்கைந்து பேர் சேர்ந்த குழுதான் சிகிச்சை. அந்தக் குழுவை உருவாக்கி, வேலையில் அமர்த்தி, விலகிப் போகாமல் தக்கவைக்கும் செலவைச் சரியாகக் கையாள்வதே மனநலத் துறையின் முதன்மையான நிதி நிர்வாகம். இந்தியாவில் அந்தச் செலவு நாற்பது ஆண்டுகளாகத் துண்டு துண்டாக நடந்துவருகிறது.

தேவையின் அளவு ரகசியமல்ல. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. மதுப் பழக்கத்துக்கு அடிமையானவர்களிடம் அந்த இடைவெளி 86 சதவீதம். 2022இல் நாடு முழுவதும் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்தது. தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம்.

இதற்கு எதிரே நிற்கும் படை மிகச் சிறியது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2023ஆம் ஆண்டு அறிக்கையிலும் இடம்பெற்ற கணக்கு. லட்சத்துக்கு மூவராவது வேண்டும் என்பது துறையினர் பொதுவாக ஏற்கும் அளவு. 140 கோடி மக்கள்தொகைக்கு அது 42,000 மருத்துவர்கள். இருப்பவர்கள் ஏறத்தாழ 10,500 பேர். அவர்களிலும் கணிசமானோர் பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், மனநல செவிலியர் ஆகியோரின் பற்றாக்குறை இதைவிடக் கடுமையானது. ஆனால் விவாதங்களில் மருத்துவர் எண்ணிக்கை மட்டுமே பேசப்படுகிறது.

சட்டம் இதற்கு ஒரு காலக்கெடுவையும் வைத்திருக்கிறது. மனநல சிகிச்சைச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்தது. சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல்களின்படி, மக்கள்தொகைக்கேற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை எட்டுவதற்குச் சட்டம் தொடங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அரசுகள் முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அதன் 31ஆவது பிரிவு. அரசு மருத்துவ நிலையங்களிலும் சிறைகளிலும் உள்ள எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநல சிகிச்சையிலும் அவசர சிகிச்சையிலும் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கெடு 2028 மே மாதம் முடிகிறது. ‘முயற்சி எடுக்க வேண்டும்’ என்ற சொல் அரசுகளுக்குத் தப்பிக்க இடம் தருவது உண்மைதான். ஆனால் எவ்வளவு முயற்சி எடுக்கப்பட்டது என்று கேட்கும் உரிமையையும் அதே சொல் மக்களுக்குத் தருகிறது.

பெல்லாரியிலிருந்து திருச்சி வரை

மனநோய்ச் சிகிச்சையை மனநலக் காப்பகங்களின் சுவர்களுக்கு வெளியே கொண்டுவரும் முயற்சி 1970களில் தொடங்கியது. பெங்களூருவை அடுத்த சக்கலவாராவில் நிம்ஹான்ஸும், ஹரியாணாவின் ராய்ப்பூர் ராணியில் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனமும், கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் மனநோயை அடையாளம் காணக் கற்றுத்தந்தன. அந்த அனுபவத்தின் மேல் 1982இல் தேசிய மனநலத் திட்டம் எழுந்தது. 1980களின் நடுவில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டம் முழுவதும் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி, மாவட்டத் தலைநகரில் ஒரு மனநல மருத்துவர், தடையில்லாத மருந்து விநியோகம், மாதந்தோறும் அறிக்கை என்பதே பெல்லாரி மாதிரி. 1996-97இல் அது மாவட்ட மனநலத் திட்டமாகி நான்கு மாநிலங்களில் தலா ஒரு மாவட்டத்தில் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் பங்காக அமைந்தது திருச்சி. இன்று நாடு முழுவதும் 767 மாவட்டங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டிருக்கிறது.

நான்கு மாவட்டங்கள் 767 ஆனது சாதனைபோல் தோன்றும். ஆனால் பெல்லாரியின் வெற்றிக்குப் பயிற்சி வகுப்பு மட்டும் காரணமல்ல. நிம்ஹான்ஸ் குழு பயிற்சி பெற்ற மருத்துவர்களின் பின்னால் தொடர்ந்து நின்றது. விரிவாக்கத்தின்போது வகுப்பு மட்டும் பரவியது. பின்னால் நின்றவர்கள் பரவவில்லை. சில நாள் பயிற்சி, சான்றிதழ், குழுப் புகைப்படம், செலவுச் சான்று என்பதோடு அந்த ஆண்டின் ஒதுக்கீடு முடிந்துவிடும். பயிற்சி பெற்ற மருத்துவர் அடுத்த ஆண்டு முதுநிலைப் படிப்புக்கோ வேறு மாவட்டத்துக்கோ போய்விட்டால், அந்தச் சுகாதார நிலையத்தில் மனநலப் பிரிவு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

எத்தனை பேருக்குப் பயிற்சி தரப்பட்டது என்பதே இத்தகைய திட்டங்களில் முதன்மை அளவுகோலாக இருந்துவருகிறது. பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் மனநோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்பது எளிதாகத் திரட்டக்கூடிய எண்தான். மருந்தகப் பதிவேட்டில் மருத்துவர்வாரியாக மருந்துச் சீட்டுகளை எண்ணினாலே தெரிந்துவிடும். அந்த எண் கேட்கப்படாதவரை, பயிற்சிச் செலவு முதலீடாகாது. நிகழ்ச்சிச் செலவாகவே இருக்கும்.

11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அரசு ஒரு பெரிய அடி எடுத்துவைத்தது. மனித வள மேம்பாட்டுக்கென இரு பிரிவுகள் கொண்ட திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் பிரிவில் 11 மனநல நிறுவனங்களைத் தலா 30 கோடி ரூபாய் வரையிலான உதவியுடன் உயர்சிறப்பு மையங்களாக்குவது. இரண்டாவது பிரிவில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலைத் துறைகளை வலுப்படுத்துவது. முதல் பிரிவின் வழியாக மட்டும் ஆண்டுக்கு 44 மனநல மருத்துவர்கள், 176 மருத்துவ உளவியலாளர்கள், 176 மனநல சமூகப் பணியாளர்கள், 220 மனநல செவிலியர்கள் கூடுதலாக வெளிவருவார்கள் என்பது இலக்கு. பின்னர் மையங்களின் எண்ணிக்கை 25 ஆனது. 19 நிறுவனங்களில் 47 முதுநிலைத் துறைகளுக்கு உதவி கிடைத்தது.

திட்டத்தின் எண்களில் ஒரு தெளிவு இருக்கிறது. மருத்துவரைவிட உளவியலாளரும் சமூகப் பணியாளரும் நான்கு மடங்கு வேண்டும் என்பதை அரசு ஏட்டில் ஏற்றுக்கொண்ட அரிதான தருணம் அது. கோளாறு வேறிடத்தில் இருந்தது. கட்டிடம், விடுதி, நூலகம், கருவி ஆகியவற்றுக்கு ஒருமுறை பணம் வரும்; பேராசிரியர்களின் சம்பளத்தை மத்திய அரசு திட்டக் காலம் வரை மட்டும் கொடுக்கும்; அதன்பிறகு அந்தச் சுமையை மாநில அரசு ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆண்டாண்டுக்கும் தொடரும் சம்பளப் பொறுப்பைக் கண்டு நிதித் துறைகள் தயங்கும் என்பது எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று. ஒரு முதுநிலைப் படிப்புக்கு அனுமதி கிடைப்பதும் இடங்கள் கூடுவதும் ஆசிரியர் எண்ணிக்கையைப் பொறுத்தவை. கட்டிடம் எழும்பி ஆசிரியர் பணியிடம் உருவாகாத இடத்தில் மாணவர் இடமும் உருவாகாது.

அதைவிடப் பெரிய ஓட்டை படிப்புக்கு அப்பால் இருந்தது. இந்தத் திட்டத்தில் படித்து வெளிவருபவர் அரசுப் பணியில் எங்கே சேர்வார் என்பதற்கு அதில் பதில் இல்லை. பல மாநிலங்களில் மாவட்ட மனநலக் குழுவின் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் பதினொரு மாத ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். மருத்துவ உளவியலில் முறையான பயிற்சி என்பது முதுகலைக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள், மருத்துவமனையில், மூத்தவர்களின் மேற்பார்வையில் நடப்பது. அவ்வளவு படித்த ஒருவர் ஆண்டுதோறும் ஒப்பந்தப் புதுப்பிப்புக்குக் காத்திருப்பதைவிட, தனியார் மருத்துவமனைக்கோ வெளிநாட்டுக்கோ போவதில் வியப்பில்லை. பொதுப் பணத்தில் உருவான திறமையைப் பொதுச் சேவை தானே வெளியே அனுப்பிவைக்கிறது.

நிதிநிலை அறிக்கையும் இந்தச் சாய்வைக் காட்டுகிறது. 2021-22இல் மனநலத்துக்கென மத்திய சுகாதார அமைச்சகம் ஒதுக்கிய ஏறத்தாழ 597 கோடி ரூபாயில் 500 கோடி நிம்ஹான்ஸுக்கும், 57 கோடி தேஜ்பூர் மனநல நிறுவனத்துக்கும் போனது. தேசிய மனநலத் திட்டம் என்ற தலைப்பில் கிடைத்தது 40 கோடி. மாவட்டச் செலவின் ஒரு பகுதி தேசிய சுகாதார இயக்கத்தின் வழியே தனியாகப் போகிறது என்பதைக் கணக்கில் கொண்டாலும், இரண்டு உயர் நிறுவனங்கள் பெறும் கவனம் நாட்டின் மற்ற பகுதிகளுக்குக் கிடைக்கவில்லை. நிம்ஹான்ஸுக்குக் கொடுப்பது தவறென்று யாரும் சொல்ல முடியாது. நாட்டின் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி தருகிற இடம் அது. அங்கு உருவாகிறவர்களை ஏற்கும் மாவட்டப் பணியிடத்துக்கும் அதே வேகத்தில் பணம் வருகிறதா என்பதே கேள்வி.

கல்வி ஒழுங்குமுறையும் தன் பங்குக்குக் குழப்பியது. மனநல சிகிச்சைச் சட்டம் மனநல சமூகப் பணியாளர் என்பவரை எம்.ஃபில். பட்டத்தின் அடிப்படையிலேயே வரையறுக்கிறது. மருத்துவ உளவியலாளருக்கும் இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற தகுதி நெடுங்காலமாக எம்.ஃபில்.தான். புதிய கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. எதிர்ப்பு எழுந்த பிறகு, இந்த இரண்டு பாடங்களுக்கு மட்டும் 2025-26 வரை விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு சட்டம் கேட்கும் தகுதியை இன்னொரு விதி ஒழிக்கிறது என்றால், இரண்டு துறைகளும் ஒரே மேசையில் அமர்ந்து பேசவில்லை என்பதுதான் பொருள்.

மேற்பார்வை என்னும் மறந்துபோன செலவு

எல்லாப் பணியையும் முதுநிலை படித்தவர்களே செய்ய வேண்டும் என்பதில்லை. இதற்கு மிகத் திடமான சான்று கோவாவிலிருந்து வந்தது. சங்கத் என்ற தொண்டு நிறுவனமும் அதன் ஆய்வாளர்களும் மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகளைத் தேர்ந்து, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு ஆலோசனை தரப் பழக்கினார்கள். 24 மருத்துவ நிலையங்களில் நடந்த அந்தச் சோதனையின் முடிவுகள் 2010இல் லான்செட் இதழில் வெளியாயின. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தகைய ஆலோசகர் இருந்த இடங்களில் ஆறு மாதத்தில் 65.9 சதவீதத்தினர் குணமடைந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் இருந்த இடங்களில் 42.5 சதவீதம்.

இந்த முடிவைப் பலரும் ‘சிக்கனமான ஆள்களை வைத்துச் சமாளிக்கலாம்’ என்று படித்துக்கொண்டார்கள். அது தவறான வாசிப்பு. அந்த ஆலோசகர்களுக்குப் பின்னால் ஒரு மனநல மருத்துவரும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தன. அதே குழு பின்னர் வடிவமைத்த, ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட மனச்சோர்வு சிகிச்சையில், ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். ஆள் மலிவு, மேற்பார்வை மலிவல்ல. அரசுத் திட்டங்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவது பாதியை விட்டுவிடும்போது, பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஆறு மாதத்தில் துவண்டுபோகிறார். தற்கொலை எண்ணத்தோடு வந்த ஒருவரிடம் என்ன பேசுவது என்று கேட்பதற்கு அவருக்கு ஒரு தொலைபேசி எண்கூட இருப்பதில்லை.

2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இந்த வகையில் கவனத்துக்குரியது. 14416 என்ற எண்ணில் 2025க்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. 53 மையங்களில் ஆலோசகர்கள் பணிபுரிகிறார்கள். தொலைபேசி ஆலோசகருக்கு அடுத்த நிலையில் மனநல மருத்துவர் இருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அழைத்தவரை நேரில் பார்க்க அனுப்பும் மாவட்ட மருத்துவமனையில் உளவியலாளர் பணியிடம் காலியாக இருந்தால், அழைப்பு அங்கேயே நின்றுவிடும்.

வெளிநாட்டுப் பாடங்கள் இரண்டு

இங்கிலாந்து 2007இல் அறிவித்து 2008இல் தொடங்கிய உளவியல் சிகிச்சைத் திட்டம், மூன்று ஆண்டுகளில் 3,600 சிகிச்சையாளர்களை உருவாக்கும் இலக்கோடு வந்தது. பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் அதன் பின்னணியில் இருந்தவர்கள். அந்தத் திட்டத்தின் சிறப்பு மூன்று பணத்தை ஒன்றாகக் கட்டியது: படிப்புக்கான பணம், சம்பளத்துக்கான பணம், மேற்பார்வைக்கான பணம். பயிற்சிக்கு வருபவர் முதல் நாளிலிருந்தே சம்பளம் வாங்கும் ஊழியர். வாரத்தில் ஓரிரு நாள் பல்கலைக்கழகம், மற்ற நாள்களில் சிகிச்சை மையம். ஒவ்வொரு அமர்விலும் நோயாளியின் நிலை வினாத்தாள் மூலம் அளக்கப்பட்டு மாவட்டவாரியாக வெளியிடப்படுகிறது. சிகிச்சை முடித்தவர்களில் பாதிப் பேர் குணமடைய வேண்டும் என்ற இலக்கை அது முதன்முதலாக 2017இல்தான் எட்டியது. ஒன்பது ஆண்டுகள் பொறுமையாகப் பணம் கொடுக்கப்பட்டது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. குறை இல்லாமலும் இல்லை. ஆரம்ப நிலைச் சிகிச்சையாளர்கள் வேலைப் பளுவால் சோர்ந்து, சில ஆண்டுகளில் வேறு பதவிகளுக்கு நகர்ந்துவிடுவது அங்கு ஓயாத தலைவலி.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2004 நவம்பரில் வாக்காளர்கள் ஒரு வரியை ஏற்றனர்: ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் உள்ள வருமானத்தில் ஒரு சதவீதம் மனநலத்துக்கு. அதிலிருந்து பணியாளர் கல்விக்கும் பயிற்சிக்கும் என 44.45 கோடி டாலர் தனியாக ஒதுக்கப்பட்டு, மாநிலத்துக்கும் உள்ளூர் கவுன்ட்டி நிர்வாகங்களுக்கும் பிரிக்கப்பட்டது. பணம் வாங்குமுன் ஒவ்வொரு கவுன்ட்டியும் தன்னிடம் எந்தப் பணியிடம் காலி, எது நிரப்பக் கடினம், எந்த மொழி பேசும் பணியாளர் குறைவு என்று கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. சமூகப் பணி மாணவர்களுக்கு உதவித்தொகை தந்து, படித்து முடித்ததும் பொதுச் சேவையில் வேலை பார்க்க ஒப்பந்தம் வாங்கினார்கள். அந்தப் பெரிய ஒதுக்கீடு பத்தாண்டுக் காலத்துக்கானது. காலம் முடிந்தபின் தொடர்ச்சிக்கு நிரந்தர வழி இல்லாமல், மாநில நிதியும் கவுன்ட்டிகளின் பங்குத்தொகையும் சேர்த்துப் புதிய ஏற்பாடு தேட வேண்டிவந்தது. கோடீஸ்வரர்கள் மீது வரி போட்ட மாநிலத்துக்கே, ஒருமுறை ஒதுக்கீட்டை நம்பி நிரந்தரப் படையை வளர்க்க முடியவில்லை.

தமிழ்நாட்டின் வாய்ப்பு

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் வரலாறு உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வேர்கள் 1794 வரை போகின்றன. அங்கு தலைமைப் பொறுப்பில் இருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு ஆய்வில் பெயர் பெற்றது. 2001 ஆகஸ்ட் 6இல், மனநோய் தீர மக்கள் தர்காவை நாடி வரும் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதும் இதே மாநிலத்தில்தான். அதன்பிறகு உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் உரிமம், ஆய்வு, கணக்கெடுப்பு எல்லாம் வந்தன. ஏர்வாடிக்கு மக்கள் போனதற்கு நம்பிக்கை மட்டும் காரணமல்ல; வீட்டருகே மனநலப் பணியாளர் எவரும் இல்லை என்பதும் காரணம்.

மற்ற பல மாநிலங்களுக்கு இல்லாத இரண்டு கருவிகள் இங்கு கைவசம் உள்ளன. ஒன்று, முதுநிலை மருத்துவத்தில் அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 சதவீதம். கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் மருத்துவர் மனநல மருத்துவம் படித்து அரசுக்கே திரும்பும் வழி இது. திரும்புகிறவரைப் பொது வார்டில் போடாமல், மாவட்ட மனநலத் திட்டத்தில் நியமிக்கத் தனிப் பணியிட வரிசை வேண்டும். இரண்டாவது, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர் ஏற்கெனவே வீட்டு வாசலில் நிற்கிறார். மனச்சிதைவுக்கு மருந்து நிறுத்தியவரைக் கண்டு சொல்லவும், மனச்சோர்வுக்கான சில எளிய கேள்விகளைக் கேட்கவும் அவரால் முடியும். ஆனால் கோவா காட்டிய நிபந்தனை இங்கும் பொருந்தும்: குறிப்பிட்ட எண்ணிக்கைத் தன்னார்வலர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர், அவருக்கு வாகனமும் நேரமும், தன்னார்வலருக்குக் கூடுதல் ஊதியம். சம்பளம் கூட்டாமல் வேலையை மட்டும் கூட்டினால், இருக்கிற திட்டமும் கெடும்.

மது, போதைப் பழக்கங்களுக்கான சிகிச்சை இன்னொரு துறையில் நடக்கிறது. மறுவாழ்வு மையங்களுக்கான நிதி மத்திய சமூகநீதித் துறையின்கீழ் வருகிறது. மனநல மருத்துவமனைகள் சுகாதாரத் துறையின்கீழ். எய்ம்ஸ் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி என்று கணக்கிடப்பட்டது. குடிநோயும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது மருத்துவமனைகளில் அன்றாடம். ஆனால் ஆலோசகர்களுக்கு இரண்டு துறைகளும் தனித்தனியே பயிற்சி தருகின்றன. ஒரு துறையின் அனுபவம் மற்றொன்றில் பதவி உயர்வுக்குக் கணக்கில் வருவதில்லை. மாநில அளவிலாவது இரண்டின் பயிற்சி நிதியையும் ஒரே திட்டத்தின்கீழ் கொண்டுவர முடியும். மத்திய அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய விஷயம் இதில் குறைவு.

செலவைக் கையாளும் வரிசையும் மாற வேண்டும். இப்போது பயிற்சி முதலில், பணியிடம் பிறகு. முதலில் மாவட்டவாரியாகப் பணியிடங்களை நிரந்தரமாக உருவாக்கி, அவற்றை நிரப்பும் அளவுக்குப் படிப்பு இடங்களைக் கூட்டி, படிக்கும்போதே பணி ஒப்பந்தத்தோடு உதவித்தொகை கொடுப்பது பலன் தரும். பயிற்சி ஒதுக்கீட்டில் ஒரு நிலையான பங்கை மேற்பார்வைக்கென்றே ஒதுக்கி, வேறு செலவுக்கு மாற்ற முடியாதபடி செய்ய வேண்டும். மனநோயிலிருந்து மீண்டவர்களைச் சக உதவியாளர்களாக ஊதியத்துடன் நியமிக்கக் கலிஃபோர்னியாவில் சட்டமே வழிசெய்திருக்கிறது. இங்கு அது தொண்டு நிறுவனங்களின் நல்லெண்ணத்தோடு நிற்கிறது.

எதையும் தொடங்குமுன் கணக்கு வேண்டும். மாநிலத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் மனநலப் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை, கடந்த ஆண்டு விலகியவர்கள் எத்தனை என்ற நான்கு எண்களை மாநில மனநல ஆணையம் ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும். 2028 மே 29க்கு முன் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெறுவது சட்டமன்ற உறுப்பினர்களின் கடமை.